மயிலையில் ஒரு பொலோஞா வண்டி

நண்பர் ஒருவருடைய குமாரன் உத்தியோக நிமித்தமாக மூன்று மாத காலம் வெளிநாடு போக நேர்ந்தபோது, தன்னுடைய டுகாட்டி மான்ஸ்டர் 797 என்னும் மோட்டார் சைக்கிளை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தி, வாரத்துக்கு ஒரு நாளாவது அதை வெளியே எடுத்து ஓட்டிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். முப்பது வருஷம் புல்லட் ஓட்டிப் பழகியவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னை வந்தடைந்தது. முதல் இரண்டு வாரமும் லஸ் முனை வரையில் போய்த் திரும்பியதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது வாரம், பங்குனி உற்சவம் முடிந்து கபாலீசுவரர் தேர் நிலைக்கு வந்துவிட்ட சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமையன்று, இந்த வண்டியை நம் ஊருக்கு ஏற்றதென்று சொல்லலாமா, சொல்லக்கூடாதா என்பதை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தே தீர்மானிப்பது என்று நிச்சயித்து, விடியற்காலை நாலே முக்கால் மணிக்குப் புறப்பட்டேன். மயிலாப்பூரில் தொடங்கிச் சாந்தோம், கடற்கரை, அடையாறு, தியாகராய நகர் என்று சுற்றி மயிலாப்பூரிலேயே முடிந்த இந்த வழி முப்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வருவதையே யாத்திரையின் முக்கிய அங்கமாகக் கருதும் ஊரில், இதனைப் பிரயாணம் என்று எழுதுவதற்கு நான் தயங்கவில்லை.

வண்டியின் தோற்றத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த ஜாதி வண்டிகளை 'நேக்கட்' என்று வண்டிப் பிரியர்கள் சொல்கிறார்கள். பந்தய வண்டிகளின் முன்னும் பக்கங்களிலும் காற்றைக் கிழிப்பதற்காகப் போர்த்தும் பிளாஸ்டிக் கவசம் எதுவும் இல்லாமல், எஞ்சினும் சட்டமும் குழாய்களும் உள்ளது உள்ளபடி கண்ணுக்குத் தெரிய நிற்பதனால் வந்த பெயர் அது. சிவப்பு வர்ணம் பூசிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துச் செய்த அதன் சட்டத்தைக் கொட்டகை விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தபோது, கோபுரத் திருப்பணிக்காகக் கட்டும் சவுக்குச் சாரத்தின் ஞாபகம் எனக்கு வந்தது. சாரத்தில் எந்தக் கழி எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடுவதைப் போலவே, இங்கும் எந்தக் குழாய் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தராமலே தெரிந்துகொள்ளலாம். அந்தச் சட்டத்துக்குள்ளே, தொண்ணூறு டிகிரிக் கோணத்தில் ஒரு சிலிண்டர் முன்னோக்கிப் படுத்தும் மற்றொன்று மேல்நோக்கி நிமிர்ந்தும் இருக்க, இரண்டின் மேலும் காற்று படுவதற்கான செதில்கள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதபடி ஒரு யந்திரத்தைச் செய்வதென்றால் அதன் ஒவ்வோர் உறுப்பும் பார்க்கத் தகுந்ததாக இருந்தாக வேண்டும் அல்லவா? இத்தாலியர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மான்ஸ்டர் என்ற வரிசையை முதன்முதலில் உருவாக்கியவர் மிகுவேல் கலூஸி என்னும் அர்ஜென்டினா தேசத்து வடிவமைப்பாளர். கம்பெனியின் சேமிப்பறையில் ஏற்கெனவே இருந்த பந்தய வண்டியின் சட்டத்தையும் வேறொரு வண்டியின் 900 சி.சி. எஞ்சினையும் சேர்த்து, மோட்டார் சைக்கிளுக்கு அவசியமானவை இருக்கை, டேங்க், எஞ்சின், இரண்டு சக்கரம், கைப்பிடி ஆகியவைதாம் என்ற கொள்கையோடு அவர் அமைத்த வண்டி 1992-ல் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது. பழைய சரக்குகளைக் கூட்டிச் செய்த அந்த வண்டியே பின்னாளில் கம்பெனியின் ஜீவாதாரம் ஆகிவிட்டது. என் வசம் இருந்த 797 அந்தப் பரம்பரையில் 2017-ல் இந்தியாவுக்கு வந்தது. 803 சி.சி. கொள்ளளவு, எழுபத்துச் சொச்சம் குதிரைசக்தி, பெட்ரோல் நிரம்பிய நிலையில் 193 கிலோ எடை. மிகப் பெரிய வண்டிகளுக்கும் நாம் அன்றாடம் ஓட்டும் வண்டிகளுக்கும் நடுவில் நிற்கும் மத்திய அளவு இது. என்னுடைய பழைய புல்லட்டின் எடைக்கும் இதன் எடைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. சக்தியிலோ நாலு புல்லட்டுக்குச் சமானம்.

இத்தாலிய வண்டி எங்கள் தெருவுக்குப் புதிதன்று. என் தகப்பனார் பம்பாயில் ஏ.பி.ஐ. கம்பெனியார் தயாரித்த லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வைத்திருந்தார். முன்னால் நானும் பின்னால் தாயாரும் தாயாரின் மடியில் தங்கையுமாக நாங்கள் நால்வரும் அதில் திருவான்மியூர்க் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறோம். லாம்பிரெட்டாவும் வெஸ்பாவும் இரண்டாம் உலக யுத்தத்தில் சிதைந்துபோன இத்தாலியின் சாமானிய ஜனங்களுக்காகப் பிறந்தவை. டுகாட்டியின் கதையும் அதே சாம்பலிலிருந்துதான் எழுந்தது. 1926-ல் பொலோஞா நகரத்தில் ரேடியோ உறுப்புகள் செய்வதற்காகத் தொடங்கிய அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை 1944 அக்டோபரில் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. யுத்தம் ஓய்ந்த பிறகு, சைக்கிளில் பொருத்தி ஓட்டக்கூடிய 48 சி.சி. எஞ்சின் ஒன்றைச் செய்துதான் அவர்கள் மீண்டும் தலையெடுத்தார்கள். அது எழுப்பிய சப்தத்தைக் கொண்டு அதற்கு 'நாய்க்குட்டி' என்று பொருள்படும் குச்சியோலோ என்ற பெயர் வழங்கிற்று. ஏழைக்குச் சைக்கிள் எஞ்சின் செய்த அதே பட்டறை, ஃபாபியோ தாலியோனி என்ற எஞ்சினீயர் வந்து சேர்ந்த பிறகு பந்தயத்தின் பக்கம் திரும்பியது. 1956-ல் அவர் அமைத்த 125 சி.சி. பந்தய வண்டி ஸ்வீடனில் ஓடிய முதல் பந்தயத்திலேயே ஜயித்தது. அதன் ரகசியத்தைப் பின்னால் சொல்கிறேன். ஏனென்றால் இந்த வண்டியின் மகிமையும் இதனால் வரும் செலவும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

விசையை அழுத்தியதும் தெருவில் படுத்திருந்த நாயொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. புல்லட்டின் சப்தத்தைப் போல ஒரே சீராக விழும் அடி அன்று இது. ஓர் அடி, உடனே மற்றோர் அடி, சற்றே நீண்ட ஓர் இடைவெளி, மறுபடியும் அதே கிரமம். வண்டியை ஒப்படைத்துவிட்டுப் போன பையன் பால்யத்தில் மிருதங்கம் பயின்றவன். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, எஞ்சினை ஓடவிட்டு அதன் அருகில் குந்தி உட்கார்ந்து, "மாமா, நன்னா கேளுங்கோ. மூணும் அஞ்சும் வரது பாருங்கோ. தகிட, தகதகிட" என்று தொடையில் தாளம் போட்டுக் காட்டினான். பிள்ளை வேடிக்கையாகச் சொல்கிறான் என்று அப்போது நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில் அது அட்சர சுத்தமான உண்மை என்று தெரிந்தது. எஞ்சினின் தண்டு இரண்டு முறை சுற்றினால் 720 டிகிரி. அதற்குள் இரண்டு சிலிண்டரும் ஒவ்வொரு முறை வெடிக்க வேண்டும். சிலிண்டர்கள் தொண்ணூறு டிகிரியில் இருப்பதால் முதல் வெடிப்புக்கும் இரண்டாம் வெடிப்புக்கும் இடையே 270 டிகிரியும், இரண்டாவதற்கும் அடுத்த முதலாவதற்கும் இடையே 450 டிகிரியும் விழுகின்றன. தொண்ணூறு டிகிரியை ஓர் அட்சரமாக வைத்துக்கொண்டால் மூன்றும் ஐந்தும் கூடிய எட்டு! மார்கழி தோறும் சபைகளில் தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த மயிலாப்பூர்க் காது இந்தச் சப்தத்தில் லயித்துப்போவதற்குக் காரணம் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

கச்சேரி சாலை காலியாக இருந்தது. பால் வண்டிகளும், பூக்கூடையோடு கோயிலை நோக்கிப் போகும் இரண்டொரு ஸ்திரீகளும், மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரத் தட்டி அடைத்த பகுதியில் இராப்பணி முடித்துத் தேநீர் அருந்தும் தொழிலாளர்களும் தவிர வேறு நடமாட்டம் இல்லை. சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டியபோது, இதே இடத்தைப் பற்றி எழுநூறு வருஷங்களுக்கு முன்பே வெனிஸ் நகரத்து வியாபாரி மார்க்கோ போலோ எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. புனித தோமையாரின் சமாதிக்கு யாத்திரை வருகிறவர்கள் அவர் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய் ஜுரம் கண்டவர்களுக்குக் கொடுப்பார்கள் என்று அவர் குறிப்பெழுதி வைத்தார். இத்தாலிக்கும் மயிலைக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவு பழமையானது.

கலங்கரை விளக்கத்தைக் கடந்து காமராஜர் சாலையில் திரும்பியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. அந்தக் கணத்திலிருந்து அரை மணி நேரம் வரையில், இந்த வண்டியைப் பற்றி யார் என்ன குற்றம் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் மனோநிலையில் நான் இல்லை. ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் திருப்பினால் ஒரு நூல் அளவே முன்னேறுகிறது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. பிரேக்கை இரண்டே விரலால் தொட்டால், தொட்ட அளவுக்கு நிற்கிறது. வளைவில் உடம்பைச் சாய்க்க நினைக்கிறோம். நினைப்பு முடிவதற்குள் வண்டி சாய்ந்து, நாம் பார்த்த திசையிலே போய்க்கொண்டிருக்கிறது. சட்டம் உறுதியாகவும் பாரம் தாழ்வாகவும் இருப்பதன் பலன் இது என்று சாஸ்திரம் சொல்லலாம். ஓட்டுகிறவனுடைய அநுபவத்தில், நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் மனோதர்மத்தை முன்கூட்டியே அறிந்து வாசிப்பதற்கு ஒப்பான ஒரு சௌக்கியம் அது. நம்முடைய மாநகரத்தில் இருசக்கர வாகனத்துக்கு விதித்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். நான் அதைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டும் என்ற ஆசையும் எழவில்லை. வேகத்தில்தான் இப்படிப்பட்ட வண்டிகளின் ரசம் இருக்கிறது என்று நினைத்து விடியற்காலையில் இந்தச் சாலையிலே பந்தயம் ஓடி உயிரை விடும் வாலிபர்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. ஐம்பதிலேயே கிடைக்கும் அந்த ரசத்தை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

சாலையின் கடற்பக்கத்தில் வரிசையாக நிற்கும் சிலைகளுள் வீரமாமுனிவருடைய சிலைக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். 1968-ல் இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகளில் அதுவும் ஒன்று. இந்தப் பிரயாணத்தில் அங்கே நிற்க வேண்டும் என்று முன்பே உத்தேசித்திருந்தேன். கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்ற அந்த மகான் 1680-ல் மாந்துவா அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, தத்துவமும் இறையியலும் பயின்ற நகரம் எது தெரியுமா? இந்த வண்டியின் கம்பெனி பிறந்த அதே பொலோஞாதான். அங்கே படித்துத் தேறிய ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்து, நம்முடைய உணவை உண்டு, நம்முடைய உடையை உடுத்து, தேம்பாவணி பாடி, 1732-ல் சதுரகராதி தொகுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை தெரியாமல் நாம் புள்ளி வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்த எகர ஒகரங்களுக்கு இன்று நாம் எழுதும் வடிவத்தை அளித்துவிட்டுப் போனார். இந்த வாக்கியத்தில் வரும் ஒவ்வோர் 'ஏ'யும் 'ஓ'வும் அவருக்கு நாம் பட்ட கடன். வந்த இடத்தின் வெயிலையும் வழக்கத்தையும் தம்முடையதாக்கிக்கொண்டு இங்கேயே நிலைத்த அந்தப் பொலோஞா மாணாக்கரின் காலடியில், அதே ஊரின் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கையில் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. நீ எங்கள் ஊருக்காக எதை மாற்றிக்கொண்டாய் என்று அந்த வண்டியைக் கேட்கத் தோன்றிற்று. அதற்குரிய விடை வெயில் ஏறிய பிறகே கிடைத்தது.

வந்த வழியே திரும்பி, சாந்தோம் நெடுஞ்சாலையைத் தாண்டி, துர்காபாய் தேஷ்முக் சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்தை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. முகத்துவாரத்தில் நீர் வற்றிய மணல் திட்டுகளின்மேல் கொக்குகள் நின்றன. பாலத்தைக் கடந்து, தியோசபிகல் சொஸைட்டியின் மதிலை ஒட்டிச் செல்லும் பெசன்ட் அவென்யூவில், இருபுறமும் மரங்கள் கவிந்த நிழலில், மூன்றாவது கியரில் சென்றேன். ஆறு கியர் உள்ள இந்த வண்டியில் நான் அன்று நாலாவதற்கு மேல் போடவே இல்லை. காரணம், எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கினால் சங்கிலி வெட்டி வெட்டி இழுக்கிறது. மேல் கியரில் மெல்லப் போவதற்கு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் மலைப்பாதை ஏறுவதற்கென்று வடித்த எஞ்சின் சம்மதிப்பதில்லை. என் புல்லட்டோ மாட்டு வண்டியின் பின்னாலும் நாலாவது கியரில் முனகாமல் போகும்.

எலியட்ஸ் கடற்கரையில், நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிர் துறந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, சூரியன் கடலிலிருந்து ஒரு முழம் எழும்வரை உட்கார்ந்திருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேராவது வண்டியின் அருகில் நின்று பார்த்தார்கள். ஐவரில் நால்வர் கேட்ட கேள்வி ஒன்றே. "சார், மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" நகரத்துக்குள் லிட்டருக்குப் பதினெட்டு என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் படர்ந்தது. ஐந்தாமவர், கூடப் பேரக் குழந்தையை அழைத்து வந்திருந்த ஒரு பெரியவர். "இத எதுக்குத் தம்பி மூடி வைக்கணும், இப்படியே நல்லாத்தான இருக்கு" என்று எஞ்சினைச் சுட்டிக்காட்டி அவர் சொன்னதை, இந்த வகை வண்டிக்கு நான் கேட்ட மிகச் சிறந்த வியாக்கியானம் என்று கொள்கிறேன்.

விலையைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது. வந்த புதிதில் இதன் விலை, பதிவுச் செலவுகள் நீங்கலாக, 7 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். 2020 ஏப்ரலில் புகை பற்றிய புதிய விதிகள் அமலுக்கு வந்தபோது இந்த மாடல் இந்தியாவில் நின்றுபோயிற்று. இன்று இதை வேண்டுபவர் ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்க வேண்டும். புது மான்ஸ்டர் வாங்குபவருக்கோ 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதமாக உயர்ந்துவிட்ட ஜி.எஸ்.டி.யும், அதன்மேல் நம் மாநிலத்து வாழ்நாள் வரியும் சேரும். போதாக்குறைக்கு, நான் சாரத்தோடு ஒப்பிட்ட அந்தக் குழாய்ச் சட்டம் 2021-ல் வந்த புது மான்ஸ்டரில் இல்லை. எடை குறைப்பதற்காக அலுமினியத்துக்கு மாறிவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான். இருந்தும் அந்த மாற்றத்தை என்னால் மன்னிக்க இயலவில்லை.

ஆகாரம் முடித்து, ஒரு சிநேகிதரைக் காந்தி நகரில் பார்த்துவிட்டு, சர்தார் பட்டேல் சாலைக்கு வந்தபோது மணி பத்தாகிவிட்டது. மத்திய கைலாசம் முன்னால் சிக்னலில் நின்றேன். இனிமேல் சொல்லப்போவது விடியற்காலையில் ஓடிய வண்டியைப் பற்றியா என்று வாசகர் ஐயுறலாம். அதே வண்டியைப் பற்றித்தான். காற்றால் குளிரும் எஞ்சின் என்றால், காற்று அடிக்கும்வரையில்தான் குளிரும். ஓடிக்கொண்டிருக்கும்போது செதில்களின் ஊடே புகுந்து வெப்பத்தைக் கொண்டுபோகும் காற்று, வண்டி நின்றதும் நின்றுவிடுகிறது. தண்ணீரும் விசிறியும் உள்ள எஞ்சினுக்கு அந்த நேரத்தில் விசிறி துணைக்கு வரும். இதற்கு அப்படி ஏதும் கிடையாது. அதிலும் முன் சிலிண்டருக்கு முகத்தில் காற்று படுகிறது. நிமிர்ந்து நிற்கும் பின் சிலிண்டரோ முன் சிலிண்டரின் மறைவில், ஓட்டுகிறவனுடைய இரண்டு தொடைகளுக்கும் நடுவிலே, தன் சூட்டையெல்லாம் அவன்மேல் இறக்குகிறது. தகிட தகதகிட என்று காதுக்கு இன்பம் தந்த அந்தத் தொண்ணூறு டிகிரிக் கோணமே பின் சிலிண்டரை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. குணமும் தோஷமும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை. காந்தி மண்டபம் தாண்டிக் கோட்டூர்புரம் வருவதற்குள் வலது தொடை சிவந்துபோயிற்று. "சிக்னல்ல கிளச்சைப் பிடிச்சிண்டே நிக்காதீங்கோ மாமா, நியூட்ரல் பண்ணிடுங்கோ, முடிஞ்சா ஆஃப் பண்ணிடுங்கோ" என்று பையன் சொல்லிப்போன வார்த்தையின் அர்த்தம் அப்போதுதான் முழுதும் புரிந்தது.

தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரி. மயிலாப்பூரின் மேற்கெல்லையாக நீண்டு கிடந்த அந்தப் பெரிய நீர்நிலையைத் தூர்த்து, 1920-களில் நகரம் ஆக்கி, நீதிக்கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரைச் சூட்டினார்கள். நடுவிலே அமைத்த பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். மழைக்காலத்தில் தண்ணீர் தன்னுடைய பழைய வீட்டைத் தேடி வந்துவிடுகிறது என்பதை 2015-லும் அதற்குப் பின்னரும் கண்டோம். மற்ற நாளில் அதே பள்ளத்தை ஜனங்களும் வாகனங்களும் நிரப்புகிறார்கள். வெங்கட்நாராயணா சாலையிலிருந்து பனகல் பூங்கா வரையிலான தூரத்தைக் கடக்க எனக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மெட்ரோ வேலைக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய வழியில், மாநகரப் பேருந்துக்கும் ஜவுளிப் பைகள் சுமந்த ஆட்டோவுக்கும் நடுவே, அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். ஸ்கூட்டரில் வந்தவர்கள் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒடித்து இடுக்குகளில் நுழைந்து போய்விட்டார்கள். மான்ஸ்டரின் ஹேண்டில்பார் ஓர் அளவுக்குமேல் திரும்புவதில்லை. அகலமான கைப்பிடியும், 180 மில்லிமீட்டர் அகலப் பின் டயரும், வளைவுகளில் ராஜநடை போட்ட அதே உறுதியான சட்டமும் இங்கே ஒரு யானையைக் குளத்துப் படிக்கட்டில் திருப்புவதைப் போன்ற கஷ்டத்தைத் தந்தன. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தம் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "இன்னா சார், அனல் இப்டி அடிக்குது? எப்டி சார் குந்திகினு கீற?" என்று கேட்டார். கேள்வியில் உண்மையான கரிசனம் இருந்தது. தம்மிடமிருந்த தண்ணீர்ப் புட்டியையும் நீட்டினார். அந்தத் தண்ணீரை நான் மறக்க மாட்டேன்.

வீட்டில் வாங்கிவரச் சொன்னவை இரண்டே சாமான்: ஒரு வாழைத்தண்டு, இரண்டு தேங்காய். கடையில் வாங்கிய பிறகுதான் அவற்றை வைக்க இந்த வண்டியில் இடமே இல்லை என்பது உறைத்தது. மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. கட்டுவதற்குக் கம்பி இல்லை. பின் இருக்கை ஒரு சாண் அகலத்தில் சரிந்து கிடக்கிறது. புடவை கட்டிய ஸ்திரீ ஒருத்தி பக்கவாட்டில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வசதியான பிடி அதில் இல்லை. நாலு பேர் குடும்பத்தைச் சுமந்த லாம்பிரெட்டா எங்கே, ஒரு வாழைத்தண்டுக்கு வழியில்லாத இந்த வண்டி எங்கே! இரண்டும் இத்தாலியில் பிறந்தவைதாம். ஆனால் லாம்பிரெட்டா குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்தது. இது ஒரே ஒரு மனிதனுடைய ஒரே ஒரு மணி நேரத்தை மனத்தில் வைத்துச் செய்தது.

எல்டாம்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டை, லஸ் என்று வந்து வீடு சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். பகலில் வண்டி ஆறும்வரை அதன் பராமரிப்புப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். தாலியோனியின் ரகசியத்தைச் சொல்வதாக வாக்களித்தேன் அல்லவா? சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பதற்கு ஒரு நெம்பு உண்டு. மூடுவதற்கு ஸ்பிரிங் உண்டு. எஞ்சின் அதிவேகமாகச் சுழலும்போது ஸ்பிரிங் பின்தங்கி, வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் போகும். தாலியோனி ஸ்பிரிங்கை நம்பாமல், திறப்பதற்கு ஒரு நெம்பும் மூடுவதற்கு மற்றொரு நெம்புமாக அமைத்தார். டெஸ்மோ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த ஏற்பாட்டைக் கம்பெனி இன்றளவும் பல எஞ்சின்களில் விடாமல் காப்பாற்றி வருகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் திறக்கும் பக்கம், மூடும் பக்கம் இரண்டிலும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று 797-ல் 12,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்த நெம்புகளை இயக்கும் தண்டுகளைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது வயதாகும். கெடு தப்பி அறுந்தால் பிஸ்டன் வால்வின்மேல் மோதி எஞ்சினே போய்விடும். நம் தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அதற்கென்றே உள்ள கருவிகள் இல்லாமல் இதில் கை வைக்கத் துணியமாட்டார். பையனுக்கு ஒரு சமயம் கிளச்சு லிவர் உடைந்தது. ஒரு பட்டறையில் சொல்லிவைத்து, அது வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. கையளவு நீளமுள்ள ஓர் உலோகத் துண்டுக்காக அந்த ஐந்து வாரமும் வண்டி அசையாமல் நின்றது.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கையில் நம் ஊர் என்ஃபீல்டின் ஞாபகம் வராமலிருக்குமா? 1955 முதல் திருவொற்றியூரில் வேர்விட்ட அந்தக் கம்பெனியார், 2018 நவம்பரில் இரண்டு சிலிண்டர் 650 வண்டிகளை வெளியிட்டார்கள். சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கமாக நின்றாலும், உள்ளே தண்டை 270 டிகிரியில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே மூன்றும் ஐந்துமாக விழும் அதே ஜதி! வந்த புதிதில் அவற்றின் ஆரம்ப விலை 2 லட்சத்து 50 ஆயிரம். மான்ஸ்டரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. சக்தி குறைவு, பிரேக்கும் வளைவும் அந்தத் தரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதிரி உறுப்பு மறுநாளே கிடைக்கும். எங்கே நின்றாலும் தள்ளிப்போய்க் காட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பார்.

ஆனாலும் அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், நாலரை மணிக்கு அலாரம் இல்லாமலே எழுந்து அந்தக் கொட்டகைக் கதவைத் திறந்தேன் என்பதையும் எழுதாமல் விட்டால் இது உண்மையான கட்டுரை ஆகாது. வீரமாமுனிவரைப் போல நம் வெயிலுக்குத் தன்னை மாற்றிக்கொள்ள இந்த வண்டிக்குத் தெரியவில்லை. நாம்தான் நம் நேரத்தை அதற்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் வேறொரு வண்டி உள்ளவர், விடியுமுன் எழும் வழக்கம் உள்ளவர், வருஷத்துக்கு ஒரு பெரிய செலவைத் தாங்கக்கூடியவர் இதனை வாங்கலாம். தினந்தோறும் தியாகராய நகருக்கு உத்தியோகத்துக்குப் போய்வர வேண்டியவர் எந்தக் காரணத்தாலும் வாங்க வேண்டாம். பழைய வண்டியாகப் பார்க்கிறவர்கள், வர்ணத்தின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் பராமரிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பெல்ட்டு மாற்றிய தேதியையும் 12,000 கிலோமீட்டர்ச் சோதனையின் முத்திரையையும் பாருங்கள். அவை இரண்டும் அதில் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.